சத்தமில்லாத மிஷின்

“ஸ்கின் மட்டும் போதுமா?” என்று அந்தக் கடைக்காரர் கேட்டார். நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில், தோட்டச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில், செடிவேலி வெட்டும் பேட்டரி மிஷினைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி காதில் விழுந்ததும் என் கண் என் கைக்குத்தான் போனது. திருப்பதிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வடமாலபேட்டையின் வெயில் குடித்து வளர்ந்த கறுத்த கை. இந்த நாட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் என் தோலைப் பற்றி யாரும் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிட்டார் என்றே நினைத்தேன். “என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்ட என் குரல் எனக்கே தடித்துக் கேட்டது. அவர் மிரண்டுபோய் அலமாரியைக் காட்டினார். பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் வெறும் மிஷினை மட்டும் விற்பதற்கு இங்கே ‘ஸ்கின்’ என்று பெயராம். ஏற்கெனவே அந்தக் கம்பெனியின் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஸ்கின் மட்டும் வாங்கிப் போவார்களாம். விஷயம் புரிந்ததும் இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு, வீட்டுத் தோட்டத்துக்கு மிஷின் வாங்குவதில் இவ்வளவு யோசனை எதற்கு என்று தோன்றலாம். போன வருஷம் நாங்கள் வாங்கிய வீட்டைச் சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் செடிவேலி. முன்னாலும் பின்னாலும் புல்தரை. இங்கே புல் வளர்ந்து கிடந்தால் அது நம் வீட்டு விஷயம் இல்லை, தெருவுக்கே விஷயம். என் கணவருக்கு முதுகுவலி. குனிகிற வேலை எல்லாம் எனக்கு. மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கித்தான் சில சங்கதிகள் எனக்குப் பிடிபட்டன. முதலில் மிஷினைப் பார்க்கக்கூடாது, பேட்டரியைப் பார்க்கவேண்டும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது. அதனால் முதல் மிஷின் வாங்கும்போதே அடுத்த நாலு மிஷினையும் யாரிடம் வாங்கப்போகிறோம் என்று தீர்மானித்தாகிவிடுகிறது. வோல்ட் கூடினால் பலம் கூடும், எடையும் கூடும். கடையில் ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்தால் எல்லாமே லேசுதான். கையை நீட்டி ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்த்தால்தான் தோள் உண்மையைச் சொல்லும். நான் பதினெட்டு வோல்ட்டில் புல் வெட்டுவது ஒன்றும் வேலி வெட்டுவது ஒன்றும், இரண்டுக்கும் பொதுவாக இரண்டு பேட்டரியும் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வெட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மின்விசிறி சுற்றுகிற அளவுக்குத்தான் சத்தம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கிரகாம் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “வேர் ஆர் யுவர் மஃப்ஸ்?” என்றார். மஃபின் கேட்கிறார் என்று நினைத்து, “மஃபின் இல்லை, முறுக்கு இருக்கிறது” என்று உள்ளே போய்த் தட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, தன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக் காட்டினார். சத்தம் காதுக்குள் போகாமல் மாட்டிக்கொள்ளும் காதுமூடியைத்தான் கேட்டிருக்கிறார். பேட்டரி மிஷினுக்குக்கூட அவர் அதை மாட்டாமல் புல்லில் கால் வைக்கமாட்டாராம். இவர்கள் உடம்பை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த வாரம் வீட்டு வேலியைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். என் அண்ணன் தானியேலின் மனைவி சாந்தி. உடனே போன் வந்தது. “இன்னா கிருபா, ஒத்தக் கையில புடிச்சிக்கினு இருக்கிற! கயிறு இழுக்கத் தேவல்லியா? எனுக்கு இதுமாரி ஒன்னு பாரேன். வூட்டச் சுத்தி வய்யாரிபாமா இடுப்பு ஒசரம் மொளச்சிக் கெடக்குது. பாம்பு வருது.” ஊரில் வய்யாரிபாமா என்று சொல்வது பார்த்தீனியச் செடியை. அண்ணனிடம் ஏற்கெனவே பெட்ரோலில் ஓடும் புல் மிஷின் இருந்தது. மாந்தோப்புகளில் கூலிக்குப் புல் வெட்டுவதுதான் அவன் தொழில். வடமாலபேட்டையில் ஆரம்பித்துப் பலமனேர் வரைக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த மிஷினை அண்ணியால் தோளில் மாட்டவும் முடியாது, கயிறு இழுத்துக் கிளப்பவும் முடியாது. “அவுரு ஊர்த் தோப்பெல்லாம் வெட்டுவாரு, வூட்டுல வெட்டமாட்டாரு” என்று அண்ணி சிரித்தாள். “அண்ணன் இருந்தா குடுங்க அண்ணி” என்றேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. “ம்... நல்லாருக்கியா? சரி சரி, இந்தா” என்றான் அண்ணன். மறுபடி அண்ணி.

மூன்று வருஷமாக அப்படித்தான். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், இறந்தபோது என்னால் போக முடியவில்லை. விசா புதுப்பிக்க அனுப்பிய பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. மிஷன் காலத்துக் கல்லறைத் தோட்டத்தில் நைனாவை இறக்குவதைப் போனில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். கேட்டதற்கு ‘ம்’, ‘சரி’, ‘இந்தா’. அவ்வளவுதான். கோபம் நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. கேட்டால் அவன் என்ன சொல்லிவிடுவானோ என்ற பயம்.

இந்த ஜனவரியில் லீவு கிடைத்தது. இங்கிருந்தே மிஷினை எடுத்துப் போகலாமா என்று முதலில் பார்த்தேன். அவ்வளவு பெரிய பேட்டரியை விமானத்தில் பெட்டிக்குள் வைக்க விடமாட்டார்கள். பழுதானால் பார்க்கவும் ஊரில் ஆள் வேண்டும். திருப்பதியிலேயே வாங்குவது என்று முடிவாயிற்று. அண்ணன் பேருந்து நிறுத்தத்துக்கு வந்திருந்தான். தலைமுடி நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். “ணா, மெதுவா போ” என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. வீட்டில் இரண்டு நாளும் அதே கதை. நான் பேசும்போது கண்ணைப் பார்க்காமல் என் வாயையே உற்றுப் பார்த்தான். ஒன்று கேட்டால் இன்னொன்றுக்குப் பதில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், எங்கள் பேச்சில் கோயிலில், பாட்டு நடக்கும்போது வாயைத் திறக்காமல் நின்றான். ஒரு காலத்தில் முதல் அடியை அவன் எடுத்துக் கொடுத்தால்தான் சபை பாடும். என்னைப் பார்த்ததும் பாட்டுகூட வரவில்லையா என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை மூவரும் திருப்பதிக்குப் போனோம். விவசாயச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒரு கடை. கடைக்காரர் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அண்ணி நான் சொல்லிக் கொடுத்தபடியே பேட்டரியை முதலில் கேட்டாள், தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், சித்தூரில் சர்வீஸ் உண்டா என்று விசாரித்தாள். முதல் மிஷின் கனம். இரண்டாவதற்கு ஒரு பேட்டரிதான் வரும், தனியாக வாங்கக் கிடைக்காது. மூன்றாவது அவளுக்குப் பிடித்தது. பிளேடுக்குப் பதிலாக நைலான் நரம்பு சுற்றிப் புல்லை வெட்டுகிற வகை. அதே பேட்டரியை மாட்டி மரக்கிளை வெட்டுகிற சின்ன ரம்பமும் தனியாகக் கிடைத்தது. “ஆன் பண்ணி காட்டுங்க” என்றாள் அண்ணி. கடைக்காரர் மிஷினைத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினார். “பாருங்க மேடம், சவுண்டே லேது, சத்தமே இல்ல.” அவர் எங்களைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவர் பின்பக்கமாக வந்து நின்று மிஷினின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். தொழில் தெரிந்தவன் பார்க்கிற பார்வை. முழு வேகத்தில் சுற்றும்போது அந்த நரம்பு கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். “நரம்பே போடலியே இதுல” என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கையை உள்ளே விட்டான்.

அண்ணி அலறிய அலறலில்தான் கடைக்காரர் விசையை விட்டார். அண்ணனின் நடுவிரலும் மோதிர விரலும் சாட்டையால் அடித்ததுபோலக் கிழிந்து, ரத்தம் வெள்ளை டைல்ஸில் சொட்டியது. பிளேடாக இருந்திருந்தால் விரலே இருந்திருக்காது. நான் துப்பட்டாவை இழுத்துச் சுற்றினேன். அண்ணி முடிச்சுப் போட்டாள். அண்ணன் கத்தவில்லை. கையைப் பார்த்தான், நின்றுபோன மிஷினைப் பார்த்தான், பிறகு அண்ணியைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

“ஓடிக்கினு இருந்துச்சா?”

ஆட்டோவில் ஏறியும் எனக்கு விளங்கவில்லை. இப்படியா கவனமில்லாமல் இருப்பாய் என்று அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணி என் கையைப் பிடித்தாள். “திட்டாத கிருபா. அவுருக்கு ஒன்னும் கேக்கல.”

“வலியில இருக்கான், தெரியுது அண்ணி.”

“அது இல்ல. அவுருக்குக் காது கேக்காது. நாலஞ்சு வருசமா கொஞ்சங் கொஞ்சமா போயி, இப்ப கிட்ட நின்னு மூஞ்சியப் பாத்துப் பேசனாத்தான் புரியும். உனுக்கு சொல்லக்கூடாதுன்னு பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கினாரு.”

நான் என்ன வேலை செய்கிறேன் என்று இங்கே சொல்லியாகவேண்டும். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. தினம் காலையில் ஏழெட்டுப் பேருக்குக் காது மிஷினைத் துடைத்து, பேட்டரி பார்த்து, காதில் பொருத்திவிடுகிறேன். பெயரைக் கூப்பிட்டால் திரும்பாதவர், வாயை உற்றுப் பார்ப்பவர், வேறு கேள்விக்குப் பதில் சொல்பவர், பாட்டு நேரத்தில் ஒதுங்கிக்கொள்பவர், இவர்களையெல்லாம் கவனித்து நர்ஸிடம் சொல்லுங்கள் என்று எங்களுக்குப் பயிற்சியே கொடுத்திருக்கிறார்கள். யார் யாருடைய தாய்க்கும் தகப்பனுக்கும் அதைக் கவனித்துச் சொன்ன நான், கூடப் பிறந்தவனிடம் அதே நான்கையும் இரண்டு நாளாகப் பார்த்துவிட்டு, கோபம் என்று பெயர் வைத்திருந்தேன். ஆட்டோ சிக்னலில் நின்றது. சுற்றிலும் ஹாரன். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குத் தையல் போட்டார்கள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் காது டாக்டர் இருந்தார். வேண்டாம் என்று கையை உதறிய அண்ணனை இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்குக் கதவு வழியாக லேசாகக் கேட்ட சத்தங்களுக்குக்கூட அவன் கை எழவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் பதில் தெரியாதவன்போல என்னைப் பார்த்தான். டாக்டர் காகிதத்தில் கீழே இறங்கிப் போகிற கோட்டைக் காட்டினார். நரம்பு கெட்டிருக்கிறது, திரும்பி வராது, இனிமேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், காது மிஷின் வைத்தால் ஓரளவு பயன் தரும் என்றார். “சத்தத்துல வேலையா? ஏம் மிஷினு?” என்று டாக்டர் தெலுங்கு கலந்து கேட்டார். பெட்ரோல் புல் மிஷின் என்று அண்ணி சொன்னாள். “எத்தனை வருஷமா?” என்று அவர் கேட்டதும் அண்ணி என்னைப் பார்த்தாள்.

பதில் எனக்குத் தெரியும். அந்தப் பெட்ரோல் மிஷினை வாங்கிக் கொடுத்ததே நான்தான். நாள் முழுவதும் குனிந்து அரிவாளால் அறுக்கிறானே என்று, நியூசிலாந்தில் வேலை நிரந்தரமானதும் முதலில் செய்த காரியம் அது. சுற்று வட்டாரத்தில் முதல் மிஷின். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதைத் தோளில் மாட்டி அவன் சிரிக்கிற படம் என் போனில் இன்னும் இருக்கிறது. காதுமூடி என்று ஒரு பொருள் உண்டு என்பதையே நான் கிரகாமுக்கு முறுக்கு கொடுத்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த அன்றும் சிரித்தேன். அண்ணன் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன்: ‘நைனா சாவுக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். அதனால்தான் போனில் பேசவில்லை என்று.’ அண்ணன் இரண்டு முறை படித்தான்.

“கோவமா? எனுக்கா?” காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினான். நடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “நீ போன்ல பேசனா கொசு கத்தற மாரி இருக்குது பாப்பா. இன்னா கேக்கறன்னு தெரியாம இன்னாத்த பதில் சொல்றது? அதான் இவகிட்ட குடுத்துடுவேன்.”

‘ஏன் சொல்லவில்லை?’ என்று எழுதினேன்.

“மிஷின்காரன் செவுடுன்னு தெரிஞ்சா எவன் தோப்புக்குள்ள வுடுவான்? உனுக்கு சொன்னா நீ அங்க குந்திக்கினு அழுவ.” நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். அவனுக்கு என் மனசில் ஓடியது புரிந்திருக்கவேண்டும். குரல் மாறியது. “அந்த மிஷின ஒன்னும் சொல்லாத. அதுலதான் வூட்டுக்குத் தளம் போட்டேன். பொண்ண நர்சிங் சேத்தேன். காதுக்குள்ள எந்நேரமும் அது ஓடிக்கினே இருக்குது, அவ்ளோதான். கோயில்ல நின்னாக்கூட ஓடுது. அதான் சுதி புடிக்க முடியல.”

இனி எந்த மிஷினும் வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் அண்ணிதான் கிளம்பினாள். “மிஷின் இன்னா பண்ணிச்சு? பாம்பு வராம நின்னுடுமா?” அதே கடை, அதே வகை மிஷின். கடைக்காரர் நாற்காலி போட்டு அண்ணனை உட்காரவைத்தார். இந்த முறை நாங்கள் வேறு விதமாகத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு விசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஓடும், ஒன்றை விட்டாலும் நின்றுவிடும் என்பதைப் பலமுறை சோதித்தோம். ஓடும்போது பிடியின்மேல் சின்ன விளக்கு எரிகிற மாதிரி வேண்டும் என்று நான் சொல்ல, அவர் உள்ளே போய் அப்படி ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். வீட்டு மிஷினை அண்ணி மட்டும்தான் தொடவேண்டும், வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி அவள் அலமாரியில் வைக்கவேண்டும் என்று பேச்சு. கிளம்பும்போது அண்ணன், ஓடிக்கொண்டிருந்த மிஷினின் குழாய்மேல் நல்ல கையை வைத்துப் பார்த்தான். “சத்தமே இல்லன்னு இதுக்குக் கூடுதலா துட்டு தர்றிங்களே, எனுக்கு எல்லா மிஷினும் இப்டித்தான்” என்றான். கடைக்காரர் பாதி சிரித்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார்.

பெட்ரோல் வேலையை அண்ணன் விடவில்லை. விடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே கடையில் காதுமூடி இருந்தது, தூசி படிந்து, யாரும் கேட்காமல். வாங்கிக் கொடுத்தேன். இருக்கிற மிச்சத்தைக் காப்பாற்ற அதை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போகிறான். காது மிஷினும் வந்தது. அதை என் கையாலேயே பொருத்திவிட்டேன். நூறு பேருக்குப் பொருத்தியிருந்தும், அவன் காதுக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டவேண்டியிருந்தது. அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “எல்லாம் தகரத்துல மழ பெய்யற மாரி இருக்குது” என்றான். கோயிலுக்குப் போகும்போது மட்டும் வைத்துக்கொள்கிறான். பாட்டு இன்னும் வரவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து வாரம் ஒரு முறை வீடியோவில் பேசுகிறோம். எனக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. தோட்டத்து வெளிச்சத்தில் நின்றால் முகம் தெளிவாகத் தெரிகிறது என்று வெளியே வந்து நிற்கிறேன். முதல் தடவை அண்ணன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தான். “இவ பேசறது புரியுது, நம்ம சபை ஐயர் பேசறது புரியுது, தோப்புக்கார ரெட்டி தெலுங்குல பேசறதுகூட வாயப் பாத்தா புரியுது. நீ பேசறதுதான் புரியல பாப்பா. உன் வாயி வேற மாரி போவுது.” நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தேன். சாப்பிட்டாயா, சாப்டாச்சா, சாப்பிட்டியா. தலையை ஆட்டினான், இல்லை. இங்கே ஈழத் தமிழர்களோடும் கோயம்புத்தூர்க்காரர்களோடும் பழகி, எல்லாருக்கும் விளங்குகிற ஒரு தமிழ் என் வாயில் குடியேறியிருந்தது. எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு ஒருமுறை இங்கே சிலர் சிரித்ததும் ஒரு காரணம். எப்போது அதை விட்டேன் என்று ஞாபகமில்லை.

போன வாரம் போனை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் குவித்து, “துன்னியா?” என்றேன். வடமாலபேட்டையில் அடுப்படியில் இருந்து எழுந்து வரும்போது சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. அண்ணனின் முகம் சட்டென்று விரிந்தது. “துன்னேன், துன்னேன். களியும் கீரயும். நீ துன்னியா?” என்று அந்தப் பக்கம் கத்தினான். நான் தலையாட்டினேன். ஹாமில்டனில் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து இதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் யாருக்கும் கேட்கவில்லை.